கருவாட்டு ரூட்டும் காரிலெட் ரூட்டும்

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. (யாரும் தேடலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சிடும்.) நடுவுல பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஒரு வேலை பார்த்தேன். எங்க ஊர்க் கடற்கரையிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரம் வரைக்கும் சைக்கிள். அதுவும் பஸ், லாரி, கார் எதுவும் முடிஞ்ச அளவுக்கு வராத பாதையாப் பார்த்துப் பார்த்து. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். ஒரு டீயை வச்சுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஊர். வாலிநோக்கம். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில வந்தா, கடல் பக்கமா உள்ளே திரும்பணும். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் உப்பளம். 1974ல ஆரம்பிச்ச தமிழ்நாடு உப்பு நிறுவனத்தோட உப்பளம் எங்க பக்கம்தான். மீன், உப்பு, ரெண்டும் சேர்ந்தா கருவாடு. இந்த மூணும்தான் ஊரு.

இப்போ லேசா கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2023ல ஆபீஸ்ல மூணு மாசம் பார்சிலோனாவுக்கு அனுப்பி வச்சாங்க. சனி ஞாயிறு ரூம்ல உட்கார்ந்து ரசப்பொடி காலியாகுதேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தவனை, கூட வேலை பார்த்த ஒரு ஸ்பானிஷ்காரர் "வா, சைக்கிள் ஓட்டலாம்"னு ஜிரோனாங்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கிருந்து மத்தியதரைக் கடலோரம் இருக்கிற சான் ஃபெலியுங்கிற ஊர் வரைக்கும் ஒரு பாதை. சுமார் 40 கிலோமீட்டர். அதே ஜிரோனாவிலிருந்து எதிர்த்திசையில ஒலோட்டுங்கிற மலையூர் வரைக்கும் இன்னொரு பாதை, 50 கிலோமீட்டருக்கு மேல. ஒலோட்டைச் சுத்தி அணைஞ்சு போன எரிமலைகள். ரெண்டையும் சேர்த்தா கடல்ல ஆரம்பிச்சு மலையில முடியுது. ஒரு கார் கிடையாது. ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடத்துல மட்டும் நின்னு பார்த்துப் போகணும்.

எப்படி இப்படி ஒரு பாதைன்னு கேட்டா, அது அந்தக் காலத்து ரயில் பாதையாம். தண்டவாளத்துக்கு நடுவுல முக்கால் மீட்டர்தான் இடைவெளி, பொம்மை ரயில் மாதிரி. ஜனங்க செல்லமா 'காரிலெட்'னு கூப்பிட்டிருக்காங்க, குட்டி ரயில்னு வச்சுக்கலாம். கடலோரப் பாதை 1892ல வந்தது. பாட்டில் மூடிக்கான தக்கையை உள்நாட்டு ஊர்கள்லேர்ந்து துறைமுகத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. லாரியும் பஸ்ஸும் வந்த பிறகு கட்டுப்படியாகாம 1969ல ரெண்டு ரயிலையும் நிறுத்திட்டாங்க. தண்டவாளத்தைப் பிடுங்கியாச்சு. தடம் மட்டும் கிடந்தது. 1993ல ஸ்பெயின்ல இந்த மாதிரி செத்துப்போன ரயில் தடங்களை எல்லாம் சைக்கிளுக்கும் நடைக்கும் மாத்துறதுக்குன்னே ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 'பசுமை வழி'ன்னு பேரு. இப்போ நாடு முழுக்க 3,000 கிலோமீட்டருக்கு மேல இருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச பாயிண்ட் ஒண்ணு. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தா ஏறத் தெரியாது. அதனால மலைக்குப் போற பாதையையும் சுத்தி வளைச்சு, மண்ணை வெட்டி, மேட்டைக் கரைச்சு, நூறு மீட்டருக்கு ரெண்டு மூணு மீட்டர் ஏறுற மாதிரிதான் போட்டிருப்பாங்க. எஞ்சினுக்காகப் பட்ட அந்தப் பாடு, நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு என்னை மாதிரி தொப்பை வச்ச ஆளோட முட்டிக்கு உதவுது! ஒலோட்டுக்குப் போறப்போ மூச்சு வாங்குச்சு, ஆனா இறங்கித் தள்ளலை. எனக்கே ஆச்சரியம்.

நிற்க.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு பெருமையடிச்சேன். "அப்பா, கடல்லேர்ந்து மலைக்கு சைக்கிள்லயே போனேன். ரோட்டுல ஒரு வண்டி கிடையாது"ன்னேன்.

அப்பா நிதானமா கேட்டாரு. "சரி. என்னத்த ஏத்திக்கிட்டுப் போன?"

"ஒண்ணும் ஏத்தலைப்பா. சும்மாதான்."

"சும்மாவா?" கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "நான் போன ரோட்டுலயும்தான் வண்டி கிடையாது. நாங்க அறுவது கிலோ ஏத்திக்கிட்டுப் போவோம்."

அவ்வ்வ்வ்..

அப்பா கருவாட்டு வியாபாரி. ஹெர்குலிஸ் சைக்கிள், பின்னாடி அகலமான கேரியர், ஓலைப்பாய்ல கட்டின கருவாட்டுச் சிப்பம். நெத்திலி, சாளை, வாளை, கட்டா. விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பி கடலாடி, முதுகுளத்தூர், சந்தை நாள்னா கமுதி வரைக்கும் போவாரு. ராத்திரி அங்கேயே ஏதாவது திண்ணையில படுத்து, மறுநாள் மிளகாய் வத்தலோ கேப்பையோ மாத்திக்கிட்டு வருவாரு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா எந்த வழியா போனாருன்னு நான் கேட்டதே இல்லை. தார் ரோட்டுலதான் போயிருப்பாருன்னு நானா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

இல்லையாம். கண்மாய்க் கரை, கால்வாய்க் கரை, ஆத்தங்கரை. "தண்ணி வர்ற பாதையில ஏத்தம் இருக்காது தம்பி. தண்ணி ஏறாதுல்ல? பாரம் ஏத்துனவன் அது மேலதான் போகணும்"னாரு. இன்ஜினியரிங் நாலு வருஷம் படிச்ச எனக்கு இது தோணலை. ஸ்பெயின்காரனுக்கு ரயில்காரன் மட்டம் பார்த்து வச்ச தடம்னா, நமக்குக் கண்மாய் வெட்டினவன் மட்டம் பார்த்து வச்ச கரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க மாவட்டத்துல செத்துப்போன ரயில் தடமும் ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடிக்குப் போனது. 1964 டிசம்பர் புயல் கொண்டு போயிடுச்சு. ஆனா 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்த பிறகு அங்கே வேன் நெரிசல். தவிர, அது கடல்லேர்ந்து கடலுக்குப் போற வழி. எனக்கு மலை வேணும். அதனால அப்பா ரூட்டுதான்னு முடிவு பண்ணேன்.

மேப்ல உட்கார்ந்து பார்த்தா இன்னொரு விஷயம் புரிஞ்சது. குண்டாறுன்னு ஒரு ஆறு. மதுரை மாவட்டத்து மேற்கோரம் சாப்டூர் பக்கத்து மலையில பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியா வந்து, எங்க கடற்கரையிலேயே மூக்கையூர் பக்கத்துல கடல்ல சேருது. பெரும்பாலும் மணலாத்தான் கிடக்கும். ஆனா கடலையும் மலையையும் ஒரே கோடா இழுத்து வச்சிருக்கு. கமுதி வரைக்கும் அப்பா வழி, அதுக்கு மேல குண்டாத்தை ஒட்டின கிராமத்து ரோடுகள். மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல வரும். ரெண்டு நாள்.

எப்போ போகணும்னும் அப்பாதான் சொன்னாரு. "வாடையில மேற்க போ. கச்சான் அடிக்கிறப்ப போனீன்னா செத்த." மார்கழி, தையில காத்து வடகிழக்கேயிருந்து வரும், முதுகைத் தள்ளி விடும். ஆனி ஆடியில மேற்கேயிருந்து அடிக்கிற காத்துல சைக்கிளை மிதிச்சா நின்ன இடத்துலதான் நிப்போம். தை மாசம் கண்மாய்லயும் தண்ணி கிடக்கும், வெயிலும் பரவாயில்லை. அதான் பொங்கல் லீவு.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு விடியக்காலம் நாலரை மணிக்குக் கிளம்பினேன். (மூணு மணிக்கு எழுப்பினாரு. நான் எந்திரிச்சது நாலரை.) என்னோட கியர் சைக்கிளைப் பார்த்துட்டு, டயரை ஒரு அமுக்கு அமுக்கி, "இது தாங்காது"ன்னு ஒரே வார்த்தை. பழைய டியூபை நீளமா வெட்டி டயருக்கு உள்ளே சுத்தி வச்சுக்கச் சொன்னாரு. நான் சிரிச்சுட்டுக் கிளம்பினேன்.

சிக்கல் தாண்டி கண்மாய்க் கரையில ஏறின முதல் அரை மணி நேரத்துல மூணு பஞ்சர். சீமைக்கருவேல முள்ளு. ஆறாயிரம் ரூபாய் டயர், அதுக்குத் தெரியுமா? கரையில உட்கார்ந்து அப்பா சொன்ன மாதிரியே பழைய டியூபை வெட்டி உள்ளே வச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல ஒரே ஒரு பஞ்சர்தான். பாடம்: சைக்கிள் கடைக்காரர் சொல்றதை விட கருவாட்டுக்காரர் சொல்றதைக் கேளுங்க.

ஆனா அந்தக் கரை இருக்கே.. மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் கண்மாய். 1998ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 593 ஹெக்டேர். தண்ணிக்குள்ள நிக்கிற கருவேல மரத்து மேல கூழைக்கடாவும் நாரையும் வெள்ளை வெள்ளையா உட்கார்ந்திருக்கு. காலை ஆறரை மணிக்கு அங்கே நானும் ஒரு ஆடு மேய்க்கிற அண்ணனும்தான். "எங்கண்ணே போகுது இந்தக் கரை?"ன்னேன். "கரை எங்கிட்டு போகும், கண்மாயைச் சுத்தித்தான் போகும்"னாரு. கரெக்டுதானே :-)

இந்த மாதிரி இடத்துல மேப் சுத்தமா வேலைக்கு ஆகாது. அதுக்குக் கரையெல்லாம் ரோடே இல்லை. அப்பாதான் போன்ல வழி சொல்லிக்கிட்டே வந்தாரு. "மூணாவது மடை வருதா? அதுக்கு வடக்கால எறங்கு. கலுங்கு வரும். கலுங்குல தண்ணி ஓடுனா தூக்கிக்கிட்டுக் கட." கலுங்குல தண்ணி இல்லை. ஆனா மடை, கலுங்கு எல்லாம் அவரு சொன்ன வரிசையில, சொன்ன தூரத்துல இருந்துச்சு. இருபது வருஷமா இந்தப் பக்கம் வராத மனுஷன்.

கடலாடி தாண்டி சித்திரங்குடி கண்மாய் பக்கம் போனப்போதான் சிக்கல். அந்தக் கண்மாயும் பக்கத்துல காஞ்சிரங்குளமும் பறவைகள் சரணாலயம்தான், 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்ததா அறிவிப்பு வந்துச்சே, அதே ஊர்கள். அதுக்குக் கொஞ்சம் தள்ளி அப்பா சொன்ன கால்வாய்க் கரையில ஏறினா, முழுசும் கருவேலம். சைக்கிள் இல்லை, நாய் நுழையாது. போன் போட்டேன்.

"அடைச்சுக் கெடக்கா?"

"ஆமாப்பா."

"அது அப்பவே அடைச்சுப் போச்சு. தார் ரோட்டுல ஏறிக்க." கொஞ்சம் நிறுத்தினாரு. "பாலம் ஒண்ணு வரும், வளைவுல. அங்ஙன மட்டும் எறங்கி உருட்டிக்கிட்டுப் போ. ஓட்டாத. உருட்டு."

"ஏன்ப்பா?"

"உருட்டுன்னா உருட்டு."

எனக்குப் புரிஞ்சிடுச்சு. 2006ல நான் நாலாவது படிச்சேன். அப்பாவை ஒரு வேன் அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. எந்த வேன்னு கடைசி வரைக்கும் தெரியலை. இடது கால் அன்னைலேர்ந்து மடங்காது. வியாபாரமும் அன்னையோட முடிஞ்சது. அது எங்கே நடந்துச்சுன்னு வீட்டுல யாரும் பேசினதில்லை.

வளைவு வந்துச்சு. சின்னப் பாலம். இறங்கி உருட்டிக்கிட்டுப் போனேன். இருநூறு மீட்டர் இருக்கும். அந்த நேரத்துக்குள்ள ஒரு பஸ், ரெண்டு லாரி, ஒரு கார். ஒவ்வொண்ணும் போறப்போ சைக்கிள் ஆடுது. சும்மா உருட்டுறதுக்கே இந்தக் கதின்னா, இருட்டுல, அறுபது கிலோ ஏத்திக்கிட்டு?

முதுகுளத்தூர்லேர்ந்து மறுபடி நல்ல வழி. சேதுபதிகள் காலத்துல குண்டாத்துலேர்ந்து வெட்டின ரெகுநாத காவிரின்னு ஒரு கால்வாய். அதோட கரையிலயும் பக்கத்துக் கிராமத்து ரோட்டுலயுமா மாறி மாறிப் போகலாம். அப்பா சொன்னது எவ்வளவு சரின்னு அங்கேதான் கால்ல தெரிஞ்சது. மேற்கே போறோம், அதாவது மேட்டுக்குத்தான் போறோம், ஆனா ஏறுறதே தெரியலை. சில இடத்துல கரிமூட்டம் புகையுது. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறாங்க. விறகுக்குன்னு அரசாங்கமே பரப்பின மரம், அப்புறம் கண்மாயை எல்லாம் மூடிடுச்சு. அதை அகத்தணும்னு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில வழக்கெல்லாம் நடந்துச்சு. மூட்டத்துக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டா, "மழை பொய்ச்ச வருசமெல்லாம் இதுதானே தம்பி சோறு போட்டுச்சு"ங்கிறாரு. எங்கப்பா ரூட்டை அடைச்ச மரம் இவருக்குச் சோறு. நான் என்னத்த சொல்ல?

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கமுதி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில யாரோ கையாட்டுறாங்க. பார்த்தா அப்பா! பஸ்ல வந்து இறங்கி உட்கார்ந்திருக்காரு, கையில ஒரு பொட்டலம் நெத்திலியோட. பழைய வாடிக்கைக்காரங்க யாராச்சும் இருந்தா குடுக்கலாம்னு.

"உருட்டிக்கிட்டு வந்தியா?"

"வந்தேன்ப்பா."

டீயை ஆத்திக் குடிச்சாரு. அப்புறம் அவராவே சொன்னாரு. "கரை அடைச்ச வருசம் ரோட்டுக்கு மாறுனவுக நாலு பேரு. எனக்குக் கால் போச்சு. ஒருத்தரு வரவே இல்ல. மிச்ச ரெண்டு பேரும் யாவாரத்தை விட்டுட்டாக." அவ்வளவுதான். அடுத்த வார்த்தை, "வடை சாப்பிடுறியா?"

ராத்திரி லாட்ஜ்ல தூக்கம் வரலை. ஸ்பெயின்ல அந்தப் பாதையை நான் ஒரு வேடிக்கையாத்தான் பார்த்தேன். லீவு நாள்ல வெள்ளைக்காரங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டுப் போற ஆடம்பரம்னு. வண்டி வராத பாதைன்னா பொழுதுபோக்குன்னு நினைச்சேன். நம்ம ஊர்ல அது பொழைப்பு. பாரம் ஏத்தின சைக்கிளுக்குன்னு ஒரு கரை இருந்த வரைக்கும் நாலு பேரு உசுரோட வீட்டுக்கு வந்தாங்க. கரை அடைச்ச வருஷமே வரலை. அந்த நாலு சைக்கிளுக்காகக் கருவேலத்தை வெட்டணும்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. நானும்தான் யோசிச்சதில்லை, வீட்டுலயே ஒரு ஆளு காலை நீட்டி உட்கார்ந்திருந்தும்.

ரெண்டாம் நாளை சுருக்கமா சொல்றேன். அப்பாவை பஸ் ஏத்தி விட்டுட்டுக் கிளம்பினேன். கமுதியைச் சுத்தி 2016ல வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம், வெளியூர்க்காரங்களுக்கு இப்போ கமுதின்னா அதுதான். அதுக்கப்புறம் திருச்சுழி, காரியாபட்டி, கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர். காரியாபட்டி பக்கம் தூத்துக்குடி நாலு வழிச்சாலை, கள்ளிக்குடியில ஸ்ரீநகர்லேர்ந்து கன்னியாகுமரி போற நாலு வழிச்சாலை. ரெண்டையும் குறுக்கே கடக்கணும். ரெண்டாவதுல பத்து நிமிஷம் நின்னேன். பக்கத்துல ஒரு பால்காரரும் கேனோட சைக்கிள்ல நின்னாரு. "தெனமும் இப்படித்தான்ணே?"ன்னேன். "ரெண்டு வேளையும்"னாரு.

மத்தபடி உள் ரோடுகள்ல ஆட்டுக்கூட்டமும் டிவிஎஸ் பிஃப்டியும்தான். பேரையூர் தாண்டினதும் மலை எதிர்ல வந்து நின்னுடுச்சு. நாலு மணிக்குச் சாப்டூர். அதுக்கு மேல 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், அனுமதி இல்லாம போக முடியாது. போற தெம்பும் எனக்கில்லை. அப்பாவுக்கு போன் போட்டேன். மலையைக் காட்டினேன். அவர் கமுதிக்கு மேற்கே போனதே இல்லை.

ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அங்ஙன கருவாடு என்ன வெலை விக்கிறாக?"ன்னாரு.

கடைக்குப் போய் விசாரிச்சுச் சொன்னேன். "நம்ம ஊருக்கு ரெண்டு மடங்கா!"ன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்.

போக நினைக்கிறவங்களுக்கு: தையில போங்க, கிழக்கேயிருந்து மேற்கே போங்க. டயருக்குள்ள பழைய டியூப் கட்டாயம். தண்ணி மூணு லிட்டர். சரணாலயக் கரையில சத்தம் போடாதீங்க. மாசியில போனா ரோட்டு ஓரமா மிளகாய் காய வச்சிருப்பாங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டு. அது மேல ஏத்திடாதீங்க, அது ஒரு வருஷத்து உழைப்பு.

அடுத்த பொங்கலுக்குச் சித்திரங்குடி பக்கத்துக் கரையை மட்டும் ஊர்க்காரங்ககிட்டயும் மூட்டம் போடுறவங்ககிட்டயும் பேசி வெட்டி விடலாமான்னு ஒரு யோசனை. மூணு கிலோமீட்டர்தான் வரும். வெட்டினது அவங்களுக்குக் கரி, வழி எல்லாருக்கும். கரை அரசாங்கத்துது, அனுமதி வாங்கணும், அலையணும்னு தெரியும். அப்பாகிட்ட சொன்னேன். "இப்ப யாரு சைக்கிள்ல போறா?"ன்னாரு. காலையில அந்தப் பாலத்துல என்னைத் தாண்டிப் போன ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைப் பத்திச் சொன்னேன். அரசாங்கம் குடுத்த சைக்கிள், ஒருத்தி பின்னாடி ஒருத்தி, லாரி வந்தா மண்ணுல இறங்கி நின்னு, மறுபடி ஏறி..

அப்பா ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில பார்த்தா, திண்ணையில உட்கார்ந்து அருவாளைத் தீட்டிக்கிட்டு இருக்காரு.

டிஸ்கி: கரை வெட்ட வர்றவங்களுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு உறுதி. சைவங்களுக்கு வத்தக்குழம்பு :-)